மொட்டை மாடியில் நிற்பவருக்கு ஆய்வகம் என்ன செய்து தர வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "எம்.எஸ்சி. வேதியியல் முடித்து ஓர் ஆய்வகத்தில் ஒப்பந்தப் பணியில் சேர்ந்திருக்கிறேன். மழைநீர் மாதிரியும் காற்று மாதிரியும் எடுத்து அனுப்புகிற ஒன்பது ஃபீல்டு ஆட்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு. எல்லோரும் என்னைவிட மூத்தவர்கள். வருகிற மாதிரிகளில் பாதி ஏதாவது ஒரு குறையோடு வருகின்றன. என்ன சொல்லித் தருவது, எப்படிக் கேள்வி கேட்பது?"

இந்த வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். மலைப் பகுதியில் எங்களுக்கு ஒரு மழைநீர் நிலையம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஒரு எஸ்டேட் அலுவலகத்தின் உதவியாளர். ஒருநாள் வந்த பாட்டிலோடு இருந்த படிவத்தில், குறிப்பு என்ற கட்டத்தில், "புனல் விளிம்பில் காக்கா எச்சம். உள்ளேயும் போயிருக்கும்போல" என்று எழுதியிருந்தார். நான் அப்போது புதியவன். போனை எடுத்து, "ஏன் கவனமா இருக்கக் கூடாது, ஒரு மாதிரியே வீணாப் போச்சே" என்று கேட்டுவிட்டேன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, சலிப்பாகத்தான் கேட்டேன். அதற்கப்புறம் நான்கைந்து மாதம் அவர் படிவங்களில் குறிப்புக் கட்டம் காலியாகவே வந்தது. ஆனால் ஆய்வில் பாஸ்பேட்டும் அம்மோனியமும் பொட்டாசியமும் அவ்வப்போது திடீரென்று ஏறி நின்றன. மழையில் பாஸ்பேட் சாதாரணமாக மிகக் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்து ஏறினால் பறவை எச்சத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். காக்கை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். நிறுத்த வைத்தவன் நான்.

கெட்டுப்போன மாதிரியை "கெட்டுப்போச்சு" என்று பயமில்லாமல் எழுதுகிற ஆளை உருவாக்குவதுதான் உங்கள் முதல் வேலை. கெட்ட மாதிரி வந்தால் ஒரு நாள் கணக்கு போகும். கெட்டது நல்லது என்ற பெயரில் வந்தால் அந்த ஆண்டின் சராசரியே கோணலாகும், அது யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனால் ஒருவர் குறை எழுதி அனுப்பினால் உங்கள் முதல் வார்த்தை "எழுதினதுக்கு நன்றி அண்ணே" என்றுதான் இருக்க வேண்டும். அடுத்து, அது திரும்ப நடக்காமலிருக்க நீங்கள் என்ன அனுப்பலாம் என்று கேளுங்கள். அந்த எஸ்டேட் நிலையத்துக்குக் கடைசியில் புனலைச் சுற்றி நைலான் கம்பிகள் நட்ட ஒரு வளையம் செய்து கொடுத்தோம். காக்கை உட்கார இடமில்லாமல் போயிற்று. குறிப்புக் கட்டத்தில் மறுபடி எழுத்து வர அதைவிட அதிக நாள் ஆனது.

சரி, மழை மாதிரியையே முதலில் முடித்துவிடுகிறேன். மழைநீர் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். காற்றிலுள்ள கரியமில வாயு மட்டும் கரைந்த சுத்தமான மழையின் பிஎச் சுமார் 5.6. நாம் அளக்கிற உப்புகள் லிட்டருக்குச் சில மில்லிகிராமோ அதற்கும் குறைவோதான். விரல் வியர்வை ஒரு சொட்டு பட்டாலே சோடியமும் குளோரைடும் ஏறிவிடும். கண்ணாடிப் பாட்டிலிலிருந்து சோடியம் கசியும், அதனால் பாலிஎத்திலீன் பாட்டில். குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசினாலும் அந்த மாதிரி போய்விட்டது. இதையெல்லாம் "கையுறை போடவும்" என்று ஒரு வரி உத்தரவாகச் சொன்னால் நிற்காது. ஆய்வகத்துக்கு ஒருநாள் அவர்களை அழைத்து, உப்பெல்லாம் நீக்கிய சுத்த நீரில், கரைந்த உப்பின் அளவைக் காட்டுகிற கண்டக்டிவிட்டி மீட்டரை வைத்து எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அதிலேயே அவர்கள் விரலை முக்கி எடுக்கச் சொல்லி மறுபடி எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். எண் தாவுவதைக் கண்ணால் பார்த்தவர் கையுறையை மறப்பதில்லை. நான் நடத்திய பயிற்சிகளில் நின்று பலன் தந்தது இந்த ஒன்றுதான் என்பேன்.

மழை சேகரிப்பான் இரண்டு வகை. எப்போதும் திறந்தே இருப்பது ஒன்று. இதில் மழையோடு தூசியும் சேரும். மழை பெய்யும்போது மட்டும் திறப்பது இன்னொன்று. இரண்டாவதில் ஒரு சென்சார் இருக்கும். அதில் ஈரம் பட்டால் மூடி நகரும். மழை நின்றதும் சீக்கிரம் காய்வதற்காகச் சென்சாரைச் சூடாக வைத்திருப்பார்கள். வாரம் ஒருமுறை சென்சாரில் நாலு சொட்டு நல்ல தண்ணீர் விட்டு மூடி நகர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் போனால் மூடி அசையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நல்ல மழையும் கரண்ட் கட்டும் ஒன்றாகத்தான் வரும், அதனால் பேட்டரி வைத்த கருவியைக் கேட்டு வாங்குங்கள். கையால் திறந்து வைக்கிற நிலையம் என்றால் திறந்த நேரம் மிக முக்கியம். முதல் ஐந்து நிமிட மழையில்தான் அழுக்கு அதிகம். தாமதமாகத் திறந்தால் காற்று சுத்தம் என்று கணக்கு சொல்லும். "மழை 3.10-க்கு ஆரம்பம், நான் திறந்தது 3.40" என்று எழுதுபவருக்குக் கோவில் கட்டலாம்.

மாதிரி வந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. 20 செ.மீ. விட்டமுள்ள புனலின் பரப்பு 314 சதுர செ.மீ. பக்கத்து மழைமானி 25 மி.மீ. காட்டினால் பாட்டிலில் ஏறக்குறைய 785 மி.லி. இருக்க வேண்டும். 500 தான் இருக்கிறதா? மூடி கொஞ்ச நேரம் திறக்கவில்லை, இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. 785-க்கு மேலே இருக்கிறதா? வெளித்தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கூரைச் சொட்டாக இருக்கலாம், கிளையிலிருந்து வடிந்ததாக இருக்கலாம். பாட்டில் கழுவிய தண்ணீரின் மிச்சமாகவும் இருக்கலாம். இந்தக் கணக்கை ஃபீல்டில் இருப்பவருக்கே சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுத்தால் பலர் நம்மைவிட வேகமாகப் போட்டுப் பார்க்கிறார்கள். வித்தியாசம் வந்தால் அனுப்பும் முன்பே கருவியைப் பார்த்துச் சரிசெய்துவிடுகிறார்கள்.

இப்போது காற்று. இங்கேதான் உங்கள் ஒன்பது பேரின் உடம்பு உழைக்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தேசியக் காற்றுத் தரக் கண்காணிப்புத் திட்டம் 1984-இல் தொடங்கியது. 2009 நவம்பரில் வந்த தர அளவுகளில் 12 மாசுகள் இருக்கின்றன. ஆண்டுச் சராசரி போட, வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம் என ஆண்டுக்குக் குறைந்தது 104 அளவீடுகள் வேண்டும். கையால் எடுக்கும் நிலையங்களில் தூசிக்கு எட்டு மணி நேரத்துக்கொரு ஃபில்டர், வாயுவுக்கு நான்கு மணி நேரத்துக்கொரு இம்பிஞ்சர், அதாவது காற்றைக் கரைசலில் குமிழிட வைத்து வாயுவைப் பிடிக்கிற கண்ணாடிக் குழாய். காலை 6 மணிக்குத் தொடங்கினால் தூசி ஃபில்டரைப் பகல் 2-க்கும் இரவு 10-க்கும் மாற்ற வேண்டும். வாயுவுக்கு நடுராத்திரி 2 மணிக்கும் ஒரு மாற்றம் உண்டு.

அந்த 2 மணி மாற்றத்தை நினைத்துப் பாருங்கள். பூட்டிய கட்டடம், விளக்கில்லாத மாடிப்படி, மேலே ஏற ஓர் இரும்பு ஏணி. கையில் கண்ணாடி இம்பிஞ்சர்கள். அதற்குள் இருக்கிற கரைசல் சாதாரணமானதில்லை. கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கிற பொட்டாசியம் டெட்ராகுளோரோமெர்க்குரேட்டில் பாதரசம் இருக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கான கரைசலில் சோடியம் ஆர்சனைட், அதாவது ஆர்சனிக். இதைக் கையில் கொடுக்கும்போது "பத்திரம்" என்று மட்டும் சொல்லி அனுப்புகிற ஆய்வகங்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கொதிக்கும். அது என்ன விஷம் என்று பெயரைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டும். வாயால் பிப்பெட் உறிஞ்சவே கூடாது. கொட்டினால் எதைப் போட்டுத் துடைப்பது, துடைத்ததை எதில் போட்டுத் திருப்பி அனுப்புவது என்று காட்ட வேண்டும். மிச்சத்தை மாடித் தண்ணீர்க் குழாயில் ஊற்றக் கூடாது. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டி, நல்ல டார்ச் லைட் இவையெல்லாம் ஆய்வகச் செலவில் போக வேண்டும். நெற்றியில் மாட்டுகிற டார்ச்சாக இருந்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும். இடி மின்னல் அடிக்கும்போது மாடிக்குப் போக வேண்டாம், மாதிரி போனால் போகட்டும் என்று வாயால் சொன்னால் போதாது, கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள்.

ஐஸ் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கந்தக டை ஆக்சைடு கரைசலில் பிடிபட்ட பிறகும் வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்துவிடும். அதனால்தான் இம்பிஞ்சர்களை ஐஸ் தட்டில் வைக்கச் சொல்கிறார்கள். எடுத்த பிறகு 5 டிகிரி அளவில் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். ஏப்ரல் மே மாத மொட்டை மாடியில் ஐஸ் எத்தனை நேரம் தாங்கும்? அதை வாங்கி வருவது யார், காசு யாருடையது? ஒரு நிலையத்தில் கோடை முழுக்க கந்தக அளவு விழுந்துகொண்டே போனது. போய்ப் பார்த்தால், ஐஸுக்கான சில்லறைப் பணம் நான்கு மாதமாக வரவில்லை. அந்த ஆள் தன் கைக்காசில் ஐந்து வாரம் வாங்கிப் பார்த்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். அவரிடம் கோளாறு எதுவும் இல்லை. பணத்தை வாங்கிக் கொடுத்தோம், அந்தச் சரிவு நின்றது. உங்கள் நிலையங்களிலும் முதலில் இப்படிப்பட்ட சின்னக் கணக்குகளைத் தேடுங்கள்: ஐஸ், பெட்ரோல், கூரியர், போன் ரீசார்ஜ்.

தூசி மாதிரியில் அடிக்கடி நடக்கிற தவறுகளைச் சொல்கிறேன். நிமிடத்துக்கு 1.1 கனமீட்டர் காற்று இழுக்கிற சாம்ப்ளர் எட்டு மணி நேரத்தில் 528 கனமீட்டர் இழுக்கும். காற்றில் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தூசி இருந்தால் ஃபில்டரில் சேருவது 52.8 மில்லிகிராம், ஒரு சிட்டிகைகூட இல்லை. ஃபில்டரைச் சட்டத்திலிருந்து எடுக்கும்போது ஓரம் ஒட்டிக்கொண்டு நார் பிய்ந்து 5 மில்லிகிராம் போனால், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தூசி மாயமாகிவிட்டது என்று அர்த்தம். ரப்பர் கேஸ்கெட் தேய்ந்திருந்தால் ஒட்டத்தான் செய்யும், அதை மாற்றிக் கொடுப்பது உங்கள் வேலை. எடுத்த ஃபில்டரைத் தூசிப் பக்கம் உள்ளே வருமாறு நீளவாக்கில் மடித்து உறையில் போட வேண்டும். மடிக்கும்போது ஏதாவது உதிர்ந்தால் அதுவும் உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஃபில்டர் அடைய அடைய காற்றோட்டம் குறையும். அதனால் காற்றோட்டத்தைக் காட்டுகிற மானோமீட்டரின் ஆரம்ப அளவும் முடிவு அளவும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மூன்று ஷிஃப்டிலும் ஒரே எண் வந்தால் மாடிக்குப் போகாமல் எழுதியது என்றே பெரும்பாலும் அர்த்தம். இதைப் பார்த்ததும் மெமோ தட்டத் தோன்றும். தட்டாதீர்கள். ஒரு ராத்திரி நீங்களே போய் 10 மணி ஃபில்டர் மாற்றத்திலும் அந்த 2 மணி மாற்றத்திலும் கூட நில்லுங்கள். ஏன் போகவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும். வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லையா, தெருநாயா, ஒரே ஆள் 24 மணி நேரமும் பார்க்க வேண்டியிருக்கிறதா? அப்படி ஒரே ஆள் என்றால் அவர்மேல் குற்றமில்லை, இரண்டாவது ஆள் கேட்டு மேலே எழுத வேண்டியவர் நீங்கள். காரணம் எல்லாம் சரிசெய்த பிறகும் எண் அப்படியே வந்தால், அப்போது கண்டிப்பாகப் பேசலாம்.

இம்பிஞ்சரில் டியூபை மாற்றி மாட்டினால் கரைசல் குமிழிடாமல் நேராக, காற்றோட்டத்தை அளக்கிற ரோட்டாமீட்டருக்குள் ஏறிவிடும். புதியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது செய்வார்கள். உள்ளே போகும் டியூபுக்கு ஒரு நிறம், வெளியே வருவதற்கு வேறு நிறம் டேப் சுற்றிக் கொடுங்கள், பிரச்சினை முடிந்தது. சாம்ப்ளர் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேயும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு ஜோடி உபரியாக இருக்கட்டும், மாற்றினால் அளவுதிருத்தம் மறுபடி செய்தாக வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊர் என்றால் ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்ட வேண்டாம். நனைந்த மாடியில் ஓடுகிற கருவி என்பதால் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அந்த மோட்டார் போடுகிற சத்தம் பெரிய சத்தம். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ராத்திரி யாராவது வந்து பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள், காலையில் திரும்பச் சொருகிவிடுவார்கள். கருவி ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டரில்தான் இது பிடிபடும். இதில் அக்கம்பக்கத்தாரோடு சண்டை போட வேண்டிய நிலைக்கு உங்கள் ஆளை விடாதீர்கள். அவர் நாளைக்கும் அந்தத் தெருவுக்கு வர வேண்டியவர். அலுவலகக் கடிதத்தோடு நீங்கள் போய் உட்கார்ந்து பேசுங்கள். எதற்காக அளக்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

இப்போதெல்லாம் தானியங்கி நிலையங்கள் வந்துவிட்டன, இந்தக் கைவேலை எதற்கு என்று உங்கள் ஆட்களே கேட்பார்கள். பதில் வைத்திருங்கள். ஈயம், நிக்கல், ஆர்சனிக், பென்சோ பைரீன் எல்லாம் அந்த ஃபில்டர் தாளிலிருந்துதான் வருகின்றன. நீண்டகால ஒப்பீடு கைவிட்டுப் போகக் கூடாது. மழை வேதியியலுக்கு இன்றும் ஒருவர் போய்ப் பாட்டிலை எடுத்தாக வேண்டும். இந்திய வானிலைத் துறை கொடைக்கானல், மினிக்காய், போர்ட் பிளேர், விசாகப்பட்டினம் முதலிய இடங்களில் மழைநீர் எடுத்த நீண்ட வரிசையும் கைகளால் கட்டப்பட்டதுதான்.

ஆட்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கு அமெரிக்காவின் தேசிய வளிமண்டலப் படிவுத் திட்டத்தை ஒரு முன்மாதிரியாகச் சொல்வேன். 1978-இல் ஆரம்பித்தது. 250-க்கும் மேற்பட்ட இடங்களில் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் ஒருவர் போய் மழை மாதிரியை எடுக்கிறார். பூங்காக் காவலர், கல்லூரி ஊழியர், தன்னார்வலர் எனப் பலதரப்பட்டவர்கள். கழுவிய பாத்திரங்கள் மைய ஆய்வகத்திலிருந்தே போகும். அந்த ஆய்வகம் 2018-இல் இலினாயிலிருந்து விஸ்கான்சினுக்கு மாறியபோதும் அந்தச் செவ்வாய்க்கிழமை மாறவில்லை. ஃபீல்டு ஆட்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். 10 ஆண்டு, 20 ஆண்டு தொடர்ந்து எடுத்தவர்களுக்குப் பாராட்டும் உண்டு. பணம் அதிகம் தேவைப்படாத ஏற்பாடுகள் இவை. அழைத்தால் எடுக்கிற ஒரு போன் நம்பரும், மாதம் ஒரு பக்கத்தில் "உங்கள் நிலையத்தில் இந்த மாதம் இது வந்தது" என்ற தாளும் இருந்தால் பாதி வழி வந்துவிடலாம். அந்தத் தாளைத் தமிழில் எழுதுங்கள். பத்து ஆண்டு மாதிரி எடுத்தும் தன் ஊர்க் காற்றின் ஓர் எண்கூடத் தெரியாதவரைச் சந்தித்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை என்றார்.

வெற்று மாதிரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபில்டரைக் கொண்டுபோய் மாட்டி, ஓட்டாமலே எடுத்து வருவது. மூடிய சேகரிப்பானில் சுத்தமான நீரை ஊற்றி எடுத்து அனுப்புவது. கையாளுவதில் எவ்வளவு அழுக்கு சேர்கிறது என்று பார்க்க இது அவசியம். முதல் முறை செய்யும்போதே விளக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தங்களைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். வாட்ஸ்அப் படங்களும் அப்படித்தான். மாட்டிய ஃபில்டர், ரோட்டாமீட்டர் குண்டு நிற்கும் இடம், வானம் என்று மூன்று படம் கேட்கலாம். அனுப்பினால் பார்த்துப் பதில் போடுங்கள். பதில் வராத குரூப்பில் படம் போடுவதை இரண்டாவது வாரமே நிறுத்திவிடுவார்கள்.

போகிக்கும் தீபாவளிக்கும் சிறப்பு மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். ஊரே வீட்டில் இருக்கிற ராத்திரி, புகை மண்டிய மாடியில் உங்கள் ஆள் நிற்பார். அன்றைக்கு நல்ல முகக்கவசம் அனுப்புங்கள், நீங்களும் போன் பக்கத்திலேயே இருங்கள். முடிந்தால் ஒரு நிலையத்துக்கு நேரில் போய்விடுங்கள். பலகாரம் கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள், ஆனால் ஃபில்டர் மாற்றி முடித்து, கை கழுவிய பிறகு பெட்டியைத் திறங்கள்.

வயதில் மூத்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் முதல் தடவை போகும்போது எதையும் சொல்லித் தராதீர்கள். அவர் ஒரு முழுச் சுற்று வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். "இதை ஏன் இப்படிச் செய்றீங்கண்ணே" என்று மட்டும் கேளுங்கள். சில இடத்தில் நடைமுறைப் புத்தகத்தைவிட அவர் வழி நல்லதாக இருக்கும். எனக்கு ஒருவர், காற்று வருகிற பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஃபில்டரைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு எடுப்பதைக் காட்டினார். அதற்கப்புறம் எல்லா நிலையத்துக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன், அவர் கண்டுபிடிப்பு என்று சொல்லியே. தவறு தெரிந்தால் அங்கேயே எல்லோர் முன்னும் சொல்ல வேண்டாம், திரும்பி வந்து போனில் தனியாகச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை போகும்போது கேஸ்கெட், கார்பன் பிரஷ், இரண்டு நிற டேப், கையுறைப் பெட்டி, அவர் கேட்டிருந்த பேனா இதையெல்லாம் கையோடு எடுத்துப் போங்கள்.